மூன்றாவது டோ லூப்

ஹாச்சினோஹே
செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய நடுவர் யோஷிஹாரு அவர்களுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குக் காது சிவக்கும் என்று தெரியும். ஒரே வீட்டில் அத்தனை வருஷம் இருந்ததில் எனக்கு மிஞ்சியது இந்த மாதிரி நாலைந்து தகவல்கள்தான். அதையும் பயன்படுத்தாமல் விடுவானேன்?

இங்கே நானும் என் இடது முழங்காலும் தனித்தனியாக நலம். அங்கே உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? மொரியோகாவில் வாடகைக்கு எடுத்த அந்த அறையில் இன்னும் அந்த மடக்குக் கட்டிலில்தான் படுக்கிறீர்களா? பதில் எழுத வேண்டாம், படுக்கிறீர்கள்.

போனில் பேசலாம்தான். ஆனால் போட்டிக் காலத்தில் பயிற்சியாளரும் நடுவரும் போனில் பேசுகிறார்கள் என்றால் ஸ்கேட்டிங் சங்கத்தில் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். கடிதம் எழுதினால் சந்தேகமே வராது. இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பரிதாபம்தான் வருகிறது.

உங்கள் சங்கத்தைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு. பெண்டாட்டி தயார் செய்த பிள்ளைகள் பனியில் சறுக்கி ஆடும்போது, 'இது இன்ன தாவல்' என்று பெயர் சொல்லும் நாற்காலியில் புருஷன் உட்காரக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். விவாகரத்துக் காகிதத்தில் முத்திரை காய்வதற்குள் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பெண்டாட்டி போனதும் தகுதி வந்துவிட்டது. நாம் பிரிந்ததே சாப்பாட்டு மேசையில் நீங்கள் என் பிள்ளைகளின் தாவல்களில் கால் சுற்று குறைகிறது, அரைச் சுற்று குறைகிறது என்று சொல்லிக்கொண்டே சூப்பை ஆறவிட்டதால்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மினோரிக்கு இது கடைசி வருஷம். கல்லூரி முடிகிறது, ஏப்ரலில் மீன் டப்பா கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்கிறாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அகில ஜப்பான் போட்டியில் ஆடிவிட வேண்டும். ஏழு வயதில் மூக்கு ஒழுக வந்த பெண். இத்தனை வருஷம் காலை நாலரை மணிக்கு எழுந்ததற்கு அது ஒன்றாவது வேண்டாமா? நவம்பரில் கிழக்கு ஜப்பான் போட்டியில் தேறினால்தான் அது.

அவள் அப்பா இசோகாவாவை ஞாபகம் இருக்கிறதா? துறைமுகச் சந்தையில் கணவாய் விற்கிறவர். இத்தனை வருஷம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்: "டீச்சர், ரெண்டு தாவல ஒட்டிப் போடறாளே, அதைக் கூட்டுவாங்களா, பெருக்குவாங்களா?"

கூட்டுவார்கள் என்றேன். பெரிய மீன், சின்ன மீன், இரண்டின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டியது. ஆனால் நன்றாக இருந்தது, மோசமாக இருந்தது என்று விலையை ஏற்றி இறக்குவது பெரிய மீனின் விலையை வைத்து மட்டும்தான். நடுவில் இன்னொரு காலை ஊன்றிவிட்டால் ஒட்டு விட்டுப்போச்சு, முதல் மீனுக்கு மட்டும் காசு.

"அப்ப சின்ன மீனையே எல்லாத்துக்கும் பின்னால ஒட்டிக்கிட்டே போலாமே?"

"முடியாது. ஒட்டுறதே மூணு இடத்துலதான். அதுலயும் இரட்டைன்னா, ரெண்டு சுத்து சுத்தற தாவல், எதுவானாலும் ஒரு ஆட்டத்துல ரெண்டு தடவைதான். மூணாவது தடவை கொண்டு வந்தா தராசுலயே ஏத்த மாட்டாங்க."

அவர் ஒரு கணவாயை எடுத்துத் தராசில் போட்டார். "நல்லவேளை, நம்ம சந்தைக்கு இந்தச் சட்டம் வரல. பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடணும்" என்றார்.

குளியலறைக் கொதிகலன் மறுபடி இருமுகிறது. உங்கள் இடத்தில் குளிர்காய ஓர் எண்ணெய் அடுப்பு, என் இடத்தில் ஓர் எண்ணெய் அடுப்பு. இரண்டு பேரும் தனித்தனியாகக் குளிரில் நடுங்குகிறோம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாய் மட்டும் வலிக்காத
தொகியே


மொரியோகா
செப்டம்பர் 21

அன்புள்ள தொகியே,

உன் கடிதம் கிடைத்தது. மடக்குக் கட்டில்தான்.

இடுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வலிக்கிறது. சனி, ஞாயிறு முழுவதும் ஏதாவது ஒரு குளிர்ந்த அரங்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன சாதப் பெட்டியைச் சாப்பிட்டுவிட்டு, எட்டு வயதுப் பிள்ளைகள் விழுவதற்குப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது காகிதத்தைக் கீழே போட்டால்கூட 'ஒரு சுற்று, குறைவு' என்று வாயில் வருகிறது. சக ஊழியர்கள் பழகிவிட்டார்கள்.

அடுப்பைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். நீ எதையும் நேராகச் சொல்ல மாட்டாய், நான் எதையும் சுற்றிச் சொல்ல மாட்டேன். ஆகையால் நானே கேட்கிறேன். ஏப்ரலில் நான் ஹாச்சினோஹேவுக்குத் திரும்பி வரட்டுமா?

வந்தால் நாற்காலியை விட வேண்டும். வடக்கே இந்த வேலைக்கு ஆள் பஞ்சம், தலைவர் அழுவார். அழட்டும். ஆனால் இந்தப் போட்டிக் காலம் முடியும்வரை ஒப்புக்கொண்ட இடங்களில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கிழக்கு ஜப்பான் போட்டியிலும் நான்தான். அதுவரை நமக்குள் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்று சங்கத்திடம் சொல்லியிருக்கிறேன், அது உண்மையாக இருக்க வேண்டும்.

கொதிகலனின் இடது பக்கத்துத் திருகை அரைத் திருப்பு தளர்த்திப் பார். முழுத் திருப்பு வேண்டாம்.

யோஷிஹாரு


ஹாச்சினோஹே
அக்டோபர் 10

எனக்கு எதுவும் இல்லாத யோஷிஹாருவுக்கு,

திருகு பலித்தது. அரைத் திருப்புதான். குளிக்கும்போது உங்களைத் திட்ட முடியாமல் போனதில் ஒரு குறை.

ஏப்ரலைப் பற்றி என்ன சொல்வது? உங்கள் அலமாரியில் இப்போது என் பழைய ஸ்கேட் ஷூக்கள் குடியிருக்கின்றன. அவற்றைக் காலி செய்ய எப்படியும் ஏப்ரல் ஆகும். புரிந்துகொள்ளுங்கள். ஐம்பத்தி நாலு வயதில் வெட்கப்பட்டால் கன்னம் சிவப்பதில்லை, முழங்கால்தான் வலிக்கிறது.

மினோரியின் ஆட்டத்தைத் தீர்மானித்துவிட்டோம். நீங்கள் நடுவர் என்பதால் உங்களிடம் சொல்லக் கூடாது என்று நினைக்காதீர்கள். போட்டிக்கு முன்னால் எழுதிக் கொடுக்கிற காகிதத்தில் எல்லாமே இருக்கும். மூன்று சுற்று சால்கோ தாவலுக்குப் பின்னால் சின்ன மீனாக ஓர் இரட்டை டோ லூப். மூன்று சுற்று டோவுக்குப் பின்னால் இன்னோர் இரட்டை டோ. அத்தோடு இரட்டை டோ தீர்ந்தது. மூன்றாவது கூட்டு ஆக்சலுக்குப் பின்னால், அங்கே இரட்டை லூப், அது வேறு மீன். ஏதாவது ஒன்று ஒட்டாமல் போனால் கடைசித் தாவலான ஃப்ளிப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டியது. எது மிச்சமிருக்கிறதோ அதை.

இதைத்தான் தினமும் நடைபாதையில் பயிற்சி செய்கிறோம். நான் வழியில் நின்று "ஆக்சல் போச்சு" என்பேன், அவள் ஓடிக்கொண்டே "லூப்" என்பாள். "சால்கோ போச்சு" என்றால் "டோ". பார்க்கிற அம்மாக்கள் நாங்கள் காய்கறி ஏலம் எடுப்பதாக நினைக்கிறார்கள். என்னைப் பற்றி வடக்கே எந்த அரங்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், குதிக்க மறந்த கிழவி, ஆனால் எண்ண மறக்காதவள் என்று. கிழவி என்று சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும். அகிதாவில் பயிற்சி தருகிறாள், அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.

பிள்ளை களைத்திருக்கிறாள். காலையில் பயிற்சி, பகலில் கல்லூரி, மாலையில் அப்பாவின் கடையில் கணவாய் சுத்தம் செய்வது. நேற்று ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வராமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். பனி இயந்திரம் ஓட்டுகிறவர் எங்கள் இரண்டு பேரையும் எழுப்பினார்.

இத்துடன் ஒரு மஃப்ளர் அனுப்பியிருக்கிறேன். பின்னத் தெரியாதவள் பின்னியது. நிறம் கத்தரிக்காய் என்று கடைக்காரி சொன்னாள். எனக்கு ஆறின ரத்தக்கட்டு மாதிரி தெரிகிறது. உங்கள் நாற்காலிக் குளிரில் கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகியே


மொரியோகா
அக்டோபர் 22

அன்புள்ள தொகியே,

மஃப்ளர் வந்தது. ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. கழுத்தும் அப்படித்தான், பரவாயில்லை.

ஆனால் அரங்கத்தில் போட்டுக்கொள்ள மாட்டேன். ஒரு பயிற்சியாளர் பின்னிக் கொடுத்ததைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர் பிள்ளைக்குப் பெயர் சொல்ல முடியாது. ஏப்ரல்வரை அலமாரியில் இருக்கும். கோபப்படாதே.

காகிதத்தில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை என்று உனக்குத் தெரியும். கண்ணால் பார்ப்பதுதான். ஆட்டத்தை எனக்கு எழுதியதை மினோரியிடம் சொல்லாதே, நீயும் மறந்துவிடு.

அலமாரியில் ஷூக்களுக்கு அவசரமில்லை. எனக்கு இரண்டு தட்டுப் போதும்.

யோஷிஹாரு


ஹாச்சினோஹே
நவம்பர் 9

யோஷிஹாருவுக்கு,

போட்டியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெயர் சொன்னதே நீங்கள்தான். எனக்குத் தெரிந்த பாதியை நான் எழுதுகிறேன்.

சால்கோ நன்றாக இருந்தது. பின்னால் டோ ஒட்டியது. ஒன்று என்று எண்ணிக்கொண்டேன். அடுத்து அவள் மூன்று சுற்று டோவுக்காக வளைந்து திரும்பினாள், உங்கள் மேசைப் பக்கமாக. அவளைத் தொடர்ந்த என் கண் கொஞ்சம் மேலே போய்விட்டது. நீங்கள் மஃப்ளர் போட்டிருந்தீர்கள்.

அவ்வளவுதான் நடந்தது. கத்தரிக்காய் நிறம் அவ்வளவு தூரத்திலும் தெரிகிறது என்று நினைத்தேன். அகலமான பக்கத்தை முன்னால் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கைதட்டல் கேட்டுக் கீழே பார்த்தபோது மினோரி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் டோ ஒட்டினாளா இல்லையா? கைதட்டல் சின்னதாகத்தான் கேட்டது. ஒட்டவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒட்டியிருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஆக்சல். இறங்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்தது, லூப் வரவில்லை. ஃப்ளிப்புக்குப் போகும் வழியில் நான் நின்ற தடுப்பை ஒட்டி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் கணக்கில் டோ இன்னும் ஒன்று மிச்சம். களைத்த காலுக்கு டோதானே சுலபம்? "டோ போடு" என்றேன். போட்டாள். அழகாகத்தான் போட்டாள். மூன்றாவது டோ. தராசில் ஏறவில்லை.

தேறுகிற இடத்துக்கு ஒரு படி கீழே அவள் நின்றுபோனாள். அங்கே லூப் வைத்திருந்தால் மேலே. மதிப்பெண் தாளைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது.

ஷூ கழற்றுகிற இடத்தில் அவளிடம் கேட்டேன். "ரெண்டு டோ ஆயிடுச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் போட்ட?"

"நீங்க சொன்னீங்களே, டீச்சர். நீங்க எண்ணித் தப்பினதே இல்ல. நான்தான் தப்பா எண்ணிட்டேன் போலன்னு நெனச்சேன்."

அழவில்லை. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "நீங்க மேலே பாத்துக்கிட்டிருந்தீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. மழை வருதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

திரும்பி வந்த மறுநாள் இசோகாவா ஒரு பெட்டி கணவாயோடு வீட்டுக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நின்றவாறே இருந்தேன். "மூணாவது மீனா, டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "இன்னிக்கே சமைச்சிடுங்க, நாளைக்கு நாறும்" என்று சொல்லிப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரலில் வர வேண்டாம். கோபம் இல்லை, கோபப்படவும் தெம்பு வேண்டுமே. நீங்கள் ஏன் போட்டுக்கொண்டீர்கள் என்றும் கேட்கவில்லை. உங்கள் முகத்தை நான் ஒரு கணம் பார்த்ததற்கு அந்தப் பெண் பதினைந்து வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள். அதை மேசையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடிக்க என்னால் முடியாது.

கொதிகலனுக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

தொகியே


மொரியோகா
நவம்பர் 20

அன்புள்ள தொகியே,

நீ வேண்டாம் என்றாய். ஏப்ரலில் வரமாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது.

அன்று காலை விடுதியில் கண்ணாடி முன்னால் நின்று மஃப்ளரைப் போட்டேன், கழற்றினேன், போட்டேன். அரங்கம் மிகவும் குளிராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ பார்க்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

பார்த்தாயா என்று தெரிந்துகொள்ள நானும் உன்னைப் பார்த்தேன். மினோரி என் எதிரில் திரும்பிய அதே நேரம். நீ மேலே பார்த்தாய், நான் கீழே பார்த்தேன். நடுவில் அந்தப் பெண் தாவினாள். சத்தம் கேட்டது. ஷூவின் கத்தி பனியில் இரண்டு முறை குத்துகிற சத்தம். "மூன்று சுற்று டோ, இரட்டை டோ" என்று சொன்னேன். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, சத்தமும் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னை நம்பினார்கள். வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்க யாரும் கேட்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் படத்தைப் பார்த்தேன். முதல் தாவலில் கால் சுற்று குறைவு. நான் பார்த்திருந்தால் குறி போட்டிருப்பேன், அவளுக்கு மதிப்பெண் இன்னும் குறைந்திருக்கும். அப்படியும் அவளுடைய இடம் மாறியிருக்காது. கீழே இருந்த பெண் வெகு தூரம். ஆக, நான் செய்தது யாருடைய இடத்தையும் மாற்றவில்லை. நீ செய்தது மாற்றியது. இதில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ ஊற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்கு லாபமாத்தானே போச்சு, விடுங்க சார். கண்ணு சிமிட்டாத மனுஷன் யாரு?" என்றார்.

"நான் சிமிட்டல. வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவர் டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "அவங்க இன்னும் அந்தச் சிவப்புக் கோட்டுதான் போடறாங்களா?" என்று கேட்டார்.

நாற்காலியை விட்டுவிட்டேன். உனக்காக விட்டதாக நினைக்காதே. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவன் அதில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சனிக்கிழமை எங்கும் போகாமல் அறையிலேயே இருந்தேன். சூடாகச் சாப்பிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் மதியம் தூங்கிவிட்டேன்.

மஃப்ளரைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. வைத்துக்கொள்கிறேன்.

யோஷிஹாரு


ஹாச்சினோஹே
டிசம்பர் 4

யோஷிஹாருவுக்கு,

சிவப்புக் கோட்டு இல்லை, அது செங்கல் நிறம். தலைவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். நான் மட்டும்தான் அப்படி நின்றேன் என்று இருந்தவரை அழுது முடித்துவிட்டுத் தூங்க முடிந்தது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் நரைத்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்ததும் அழுகை சிரிப்பில் முட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்தால் தூக்கம் வருவதில்லை.

கடைசியில் மினோரியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குச் சேர வேண்டிய செய்தி அது. நாங்கள் தடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். சின்னப் பிள்ளைகள் எங்களைச் சுற்றி விழுந்துகொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த டோவை நீங்க ரெண்டு பேருமே பாக்கலையா?"

"பாக்கல."

"டீச்சர், என் வாழ்க்கையிலேயே நல்லா இறங்கின கூட்டு அதுதான்."

கால் சுற்று குறைவு என்று நீங்கள் எழுதியதை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக் கூடாது. என்றைக்கும்.

அப்புறம் அவள் சிரித்தாள். அந்தப் போட்டிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் களைப்பு திரும்பி வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது. போனது போனதுதான்; அகில ஜப்பான் போட்டி இந்த மாதக் கடைசியில், அவள் இல்லாமல் நடக்கும். அந்த வாரம் அவள் அப்பா கடையில் வருஷக் கடைசி வியாபாரத்துக்குக் கணவாய் சுத்தம் செய்துகொண்டிருப்பாள். நான் போய் உதவுவதாகச் சொல்லியிருக்கிறேன். "டீச்சர் எண்ண வேணாம், அலசினா போதும்" என்றார் இசோகாவா. அவருக்கு என்னைக் கிண்டல் செய்கிற அளவுக்கு மனசு ஆறியிருக்கிறது. அவர் சொன்ன அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் மாகாண விளையாட்டு விழா. அங்கேதான் மினோரி கடைசியாக ஆடுகிறாள். தேறுவதற்கு ஒன்றுமில்லை, எங்கும் போக வேண்டியதும் இல்லை. அதே ஆட்டம், அதே தாவல்கள். இப்போது சறுக்கிக்கொண்டே தானே வாய்விட்டு எண்ணுகிறாள். என்னை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததிலேயே உருப்படியானது அதுதான் போலிருக்கிறது.

நேற்று ஷூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க. ஆனா ஐஸைப் பாக்கணும்."

ஏப்ரலைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. ஜனவரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொதிகலனுக்கு வந்த ஆள் முழுத் திருப்புத் திருப்பிவிட்டான். இப்போது வெந்நீரும் வருவதில்லை, தண்ணீரும் வருவதில்லை. இரண்டு நாள் முன்னதாக வந்தால் நல்லது. அலமாரியில் ஒரு தட்டு காலி செய்திருக்கிறேன், ஒன்றுதான்.

இங்கே குளிர் மொரியோகாவைவிட மோசம், கடல் காற்று. மஃப்ளர் போட்டுக்கொண்டு வாருங்கள். நான் பார்க்க மாட்டேன்.

தொகியே